ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாசுக்கு மிதிவண்டியில்: எண்ணிக்கை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் குடியிருந்துகொண்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் நான், சில ஆண்டுகளாக மிதிவண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இப்போது சைக்கிளில் போகிறவர்கள் பெருகிவிட்டார்களாமே, உண்மையா? துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையை ஒட்டிய கடலோரப் பாதையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ணச் சீருடையோடு கூட்டமாகப் போகிறவர்களைப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். அதே பாதையில் வார நாளில் விடிவதற்கு முன் நான் போகும்போது, தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்களும் நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர்களும்தான் கண்ணில் படுகிறார்கள். சாப்பாட்டுப் பையோடு வேலைக்குப் போகும் மிதிவண்டிக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், வேலைக்கு ஓட்டுகிறவர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை என்பதே நான் நேரில் கண்டது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசுவதால்தான், மக்களுக்கு ஆர்வம் வந்துவிட்டது, இனி எண்ணிக்கை தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கை பரவுகிறது. பிற நகரங்களின் கதையைப் படித்த வரையில், அப்படித் தானாகக் கூடிய இடம் ஒன்றையும் நான் காணவில்லை.

குறைந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர்க் கதை அதற்குத்தான் நெருக்கம். 1980களின் நடுவில் பெய்ஜிங் நகரத்துப் பயணங்களில் பத்தில் ஆறு மிதிவண்டியில் நடந்தன. கால் நூற்றாண்டுக்குள் அது பத்தில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. வட்டச்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, வீடும் வேலையிடமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின, மிதிவண்டிக்கென்றே இருந்த அகலமான தடங்களில் கார்கள் புகுந்தன. அமெரிக்காவில் மிதிவண்டிக்குப் பேர்போன போர்ட்லண்டில், 2014ஆம் ஆண்டில் வேலைக்குப் போகிறவர்களில் 7.2 விழுக்காட்டினர் மிதிவண்டியில் போனார்கள். 2021இல் அது 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பெருகியது ஒரு காரணம். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது: வாடகை ஏறியதால் மக்கள் நகரத்தின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள், ஓரங்களில் பாதை இல்லை. ஒரு காலத்தில் நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்த நகரம், தொடர்ந்து பேணப்படாவிட்டால் பத்து ஆண்டுக்குள் பாதியை இழக்கும் என்பதை நம் திட்டமிடுவோர் ஆழ்ந்து கவனிக்க வேண்டும்.

நம் பினாங்கில் இது எப்படி நடந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1985ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இடம் உண்டு, மிதிவண்டிக்கு இல்லை. துறைமுகக் கிடங்குகளுக்கும் ரயில்வே பட்டறைக்கும் மிதிவண்டியில் போய்வந்த தலைமுறை ஓய்வுபெற்றபோது, அவர்களுடைய பிள்ளைகள் காருக்குப் போகவில்லை, முதலில் கப்சாய்க்குத்தான் போனார்கள். நம் நாட்டில் மிதிவண்டியின் இடத்தைப் பிடித்தது காரைவிட இந்தச் சிறிய மோட்டார் சைக்கிள்தான் என்பதை, ஐரோப்பிய நகரங்களை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். குறைந்த முன்பணம், பல ஆண்டுகள் லிட்டருக்கு 2 ரிங்கிட் 5 சென்னிலேயே நின்ற பெட்ரோல், நெரிசலில் நுழைந்து போகும் வசதி ஆகியவற்றைச் சொன்னால், எங்கள் பிரிவில் இருக்கும் எந்த இளைஞனும் மிதிவண்டியைத் தேர்ந்தெடுக்க மாட்டான். அவனைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்ற உண்மையையும், நாட்டில் பதிவான வாகனங்கள் 36 மில்லியனைத் தாண்டி மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டன என்ற உண்மையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டுக்கு நாம் கொடுக்கும் விலை கண்ணுக்குத் தெரியும்.

கூடிய கதைகளும் உண்டு, அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பெயின் நாட்டின் செவில். கோபன்ஹேகனைச் சொன்னால் நம்மவர்கள் உடனே "அது குளிர்நாடு" என்று ஒதுக்கிவிடுவார்கள். 2016இல் அந்நகர மையத்துக்குள் நுழைந்த மிதிவண்டிகள் கார்களை மிஞ்சின என்ற செய்தி அவர்களை அசைப்பதில்லை. செவில் அப்படிப்பட்ட ஊர் அன்று. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஊர் அது. 2006இல் தொடங்கி மிகக் குறுகிய காலத்தில், தரையில் வண்ணம் பூசுவதோடு நிற்காமல், கார்களை மறிக்கும் கல்கட்டோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாத 80 கிலோமீட்டர் பாதையை அங்கே அமைத்தார்கள். அதற்கு முன் நூறு பயணங்களில் ஒன்றுகூட மிதிவண்டியில் இல்லாத நகரத்தில், சில ஆண்டுகளுக்குள் ஆறு, ஏழு ஆயின. பிறகு கட்டுவது நின்றது, வளர்ச்சியும் நின்றது. பாரிஸ் நகரமும் அதே வழியில் போய், அண்மைய ஆய்வொன்றில் நகருக்குள் நடக்கும் பயணங்களில் மிதிவண்டிக்கு 11.2 விழுக்காடும் காருக்கு 4.3 விழுக்காடும் என்ற நிலையை எட்டியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தை நம் நாட்டிலேயே பார்த்தோம். கோலாலம்பூர் மையப்பகுதியில் 2018இல் நீலநிறம் பூசிய மிதிவண்டித் தடங்கள் வந்தன. நோக்கம் நல்லது, ஆனால் நிறம் காரை நிறுத்தாது. நீலத்தின் மேல் கார்கள் நின்றன, மோட்டார் சைக்கிள்கள் அதையே குறுக்குவழியாக்கின, மழையில் வழுக்குகிறது என்று ஓட்டுகிறவர்கள் முறையிட்டார்கள். என் நண்பர் ஒருவர் அந்நாட்களில் தலைநகரில் வேலை பார்த்தார். தடம் வந்ததை நம்பி மிதிவண்டி வாங்கி, அடிக்கடி சாலைக்கு இறங்கி ஏற வேண்டியிருந்ததால் சில வாரங்களில் விட்டுவிட்டார். எங்கள் கடலோரப் பாதை அந்த வகையில் மேலானது, ஏனென்றால் அதன் பெரும்பகுதி சாலையிலிருந்து பிரிந்து நிற்கிறது. என் பயணத்தின் இன்னல் எல்லாம் அந்தப் பாதையை விட்டு விலகிய பிறகுதான் தொடங்குகிறது.

அந்தக் கடைசித் தொலைவைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் மனம் உடைவது அங்கேதான். கடலோரத்தை விட்டுத் தொழிற்பேட்டைக்குள் திரும்பினால், பணி மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக இடதுபக்கம் ஒதுங்கும், கன்டெய்னர் லாரிகள் வாயில்களுக்குள் திரும்பும். இடப்பக்கம் திரும்பப் போகும் லாரியின் இடப்பக்கத்தில் மிதிவண்டி நிற்கவே கூடாது. ஓட்டுநருக்கு அந்த இடம் கண்ணாடியில் தெரியாது, பின்சக்கரமோ முன்சக்கரத்தைவிட உள்ளே வந்து திரும்பும். விளக்கு மாறக் காத்திருக்கும்போது லாரிக்குப் பின்னால், தடத்தின் நடுவில் நிற்பதே சரி. பின்னால் ஹாரன் அடித்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். இன்னொன்று சாலையோரச் சாக்கடை மூடி. அதன் இரும்புக் கம்பிகள் சில இடங்களில் சாலையின் போக்கிலேயே நீளவாட்டில் கிடக்கின்றன. ஒல்லியான பந்தய டயர் அந்த இடைவெளிக்குள் இறங்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே போவார். ஆகவே 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டயரே நம் ஊருக்கு ஏற்றது. ஓரத்தை ஒட்டி ஓடாமல், நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலத்துக்கு மேல் தள்ளி ஓட்டினால், மூடியிலிருந்தும் தப்பலாம், திறக்கும் கார்க் கதவிலிருந்தும் தப்பலாம்.

வழியைத் தேர்ந்தெடுப்பதில் நான் பின்பற்றும் முறை இதுதான்: மிகக் குறுகிய வழியைத் தேடாமல், மிக மோசமான சந்திப்பு எது என்று பார்த்து, அதைத் தவிர்க்கும் வழியைத் தேடுவேன். பத்துக் கிலோமீட்டரில் ஒன்பதரை நன்றாக இருந்து அரைக் கிலோமீட்டர் அச்சமூட்டினால், காலையில் எழுந்ததும் மனம் நினைப்பது அந்த அரைக் கிலோமீட்டரைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும் கூடாது; தொழிற்பேட்டைச் சாலை ஞாயிறன்று வேறு முகம் காட்டும். வேலை நாள் ஒன்றில், வேலை நேரத்தில், கம்பெனி பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ அந்த வழியைப் பார்த்துக்கொண்டு போய் வருவது நல்லது.

வெயிலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். காலை நேரத்தைப் பொறுத்தவரை அது தேவையற்ற கவலை. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் ஏழு மணிக்குப் பிறகே எழுகிறது. ஆறேகாலுக்குக் கிளம்பினால் முழுப்பயணமும் இருட்டிலும் குளிர்ச்சியிலும் முடிந்துவிடும். இந்த ஏற்பாடு மிதிவண்டிக்காரருக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன், ஆனால் விளக்கில்லாமல் போகிறவருக்கு அதுவே ஆபத்து. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பையிலும் கணுக்காலிலும் ஒளி மின்னும் பட்டை ஆகியவற்றில் எதையும் விடக்கூடாது. கணுக்காலில் கட்டிய பட்டை மேலும் கீழும் அசைவதால் வாகனக்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நம் ஊரில் ஆளை வாட்டுவது வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதம். ஓட்டும்போது வியர்வை தெரியாது, நிறுத்திய பிறகே ஊற்றெடுக்கும். அதனால் கடைசிக் கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, வந்ததும் பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து, உடம்பு அடங்கிய பிறகே ஈரத்துண்டால் துடைத்து உடை மாற்றுவேன். வந்தவுடன் மாற்றினால் மாற்றிய உடையும் நனையும். முதுகில் பையை மாட்டாமல் பின்கேரியரில் பக்கப்பையாகத் தொங்கவிட்டாலே வியர்வை பாதி குறைந்துவிடும். எங்களுக்கு உற்பத்திப் பகுதியில் மேலே போடும் ஸ்மாக் (மேலங்கி) இருப்பதால் உள்ளே பருத்திச் சட்டை போதும். அலுவலக உடை தேவைப்படுகிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை துணிகளைக் கொண்டுவந்து லாக்கரில் வைத்துக்கொள்வதே வழி.

மாலை நேரம் வேறு. வெயில் இருக்கும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழையும் கொட்டும். மழையில் ஓட்டுவதைவிட இடியில் ஓட்டுவதே கூடாதது. கடலோரப் பாதையில் ஒதுங்க இடம் குறைவு என்பதால், வானம் கறுத்திருந்தால் தொழிற்சாலையிலேயே அரைமணி நேரம் காத்திருப்பேன். எங்கள் வாயிலில் ஜாகா (காவலாளி) வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பாயான் பாருவிலிருந்து பழைய மிதிவண்டியில் வருகிறவர், நான் புதிதாக ஓட்டத் தொடங்கிய நாட்களில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, "தங்கச்சி, மழைக்கு டயர்ல காத்தக் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கம்மா, பிடிச்சு ஓடும். கடல் காத்துல செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், நனைஞ்ச அன்னிக்கே தொடச்சு எண்ணெய் விட்டுரு" என்று சொல்லித் தந்தார். அவர் சொன்ன இரண்டையும் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். உப்புக்காற்றில் ஓடும் சங்கிலிக்கு வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுவது போதாது. மழை நாளில் அன்றன்றைக்கே செய்ய வேண்டும்.

பாதையைப் போலவே வேலையிடத்து ஏற்பாடும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்பதை என் தொழிற்சாலையிலேயே பார்த்தேன். முன்பு மிதிவண்டிகளைப் பின்வேலியில் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பார்கள். கூரை கிடையாது, விளக்கும் கிடையாது. இருக்கை நனையும், சில நாட்களில் விளக்கையோ இருக்கையையோ யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். நாங்கள் சிலர் சேர்ந்து மேலாளரிடம் எழுதிக் கேட்டது மிகச் சிறியது: மோட்டார் சைக்கிள் கொட்டகையின் ஒரு மூலையில், கேமராவும் ஜாகாவும் பார்க்கும் இடத்தில், வண்டியின் சட்டகத்தைப் பூட்டும்படியான இரும்புக் கம்பிகள். சக்கரத்தை மட்டும் செருகும் தாங்கி வேண்டாம் என்று குறிப்பாகச் சொன்னோம், அதில் சக்கரம் வளையும், சட்டகத்தைப் பூட்டவும் முடியாது. நீண்ட நாள் பதில் இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும் இடத்தில் மிதிவண்டிகள் இரண்டு, மூன்று நிற்கும் என்று வரைபடம் போட்டுக் காட்டியபோது சம்மதித்தார்கள். அந்த மூலை வந்த பிறகு, வேலியோரம் ஐந்தாறாக நின்றவை ஒரு முழு வரிசையாயின. பிரச்சாரம் எதுவும் செய்யவில்லை. முதலாளியிடம் கேட்கப் போகிறவர்கள் உடல்நலம், சுற்றுச்சூழல் என்று தொடங்காமல், வாகன நிறுத்துமிடப் பற்றாக்குறையிலிருந்து தொடங்கினால் பேச்சு விரைவில் முடியும்.

அந்த வரிசையில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை யாருடையவை என்பதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுடையவை அவை. உரிமம் எடுப்பதும் மோட்டார் சைக்கிள் வாங்குவதும் அவர்களுக்கு எளிதல்ல; இரண்டாங்கை மிதிவண்டியே அவர்களின் வாகனம். பினாங்கில் வேலைக்கு மிதிவண்டியில் போகிறவர்கள் யார் என்று கேட்டால், உண்மையான விடை இவர்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பாதையில் நின்று எண்ணுகிற எவர் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை. இரவு பதினொரு மணிக்குப் பணி முடிந்து, விளக்கில்லாத வண்டியில், லாரி ஓடும் சாலையில் போகிறவர்களை எண்ண அந்நேரத்தில் யாரும் நிற்பதில்லை. நாங்கள் சிலர் காசு சேர்த்து, பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பின்விளக்குகளை வாங்கிக் கொடுத்தோம். இது என் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: புதிய பாதை எங்கே வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள், இனி வரக்கூடியவர்களை நினைப்பதற்கு முன், ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் இவர்கள் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று பெண்கள். நெதர்லாந்தில் மிதிவண்டி ஓட்டுவதில் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். அமெரிக்காவில் மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பெண்கள் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று எண்ணினாலே அந்தச் சாலை எவ்வளவு பாதுகாப்பானது என்று தெரிந்துவிடும் என்பது இத்துறையில் வேலை செய்கிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. எங்கள் வரிசையில் பெண்களின் வண்டிகள் சிலவே. காலை இருட்டில் கடலோரப் பாதையில் தனியாகப் போவதற்கு என் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. என்னோடு அதே நேரத்தில் கிளம்பும் இன்னொரு பெண் கிடைத்த பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது. தொடங்க விரும்பும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் மாதத்துக்கு ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள், கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்குச் செய்தியாக அனுப்புங்கள், பஞ்சர் ஒட்டும் வேலையை வீட்டிலேயே இரண்டு மூன்று முறை செய்து பழகுங்கள். ஆளில்லாத இடத்தில் டயர் இறங்கினால் யாருடைய உதவிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்ற தைரியம் மற்ற அச்சங்களையும் குறைக்கும்.

பெருநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து வரும் தோழியர் சிலர் கேட்பதால், கடலைக் கடக்கும் பெர்ரிப் படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பெர்ரிகள் கார்களை ஏற்றி வந்த காலம் 2020ஆம் ஆண்டோடு முடிந்தது. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய நான்கு புதிய பெர்ரிகள் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. பாலத்தில் இடமில்லாத மிதிவண்டிக்கு இந்தக் கடல்வழி இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டர்வொர்த் ரயில் நிலையமும் பேருந்து முனையமும் துறைக்கு அருகிலேயே இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் பக்கம் இறங்கினால் நகர மைய அலுவலகங்கள் எட்டிவிடும் தூரம். மையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு, பாயான் லெப்பாசுக்கு வரும் எங்களைவிட இது மிகவும் எளிது.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் முத்தியாரா எல்.ஆர்.டி. (இலகு ரயில்) தடத்தின் கட்டுமானம் 2025இல் தொடங்கியிருக்கிறது. அது பாயான் லெப்பாஸ் தொழிற்பகுதியையும் தொட்டுப் போகும். நிலையங்களைக் கட்டி முடித்த பிறகு மிதிவண்டிக்கு இடம் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு நிலையத்திலும் கூரையுள்ள, பூட்டக்கூடிய மிதிவண்டி நிறுத்தம் வரைபடத்திலேயே இருக்க வேண்டும், நிலையத்திலிருந்து தொழிற்சாலை வாயில்கள் வரை பிரிந்த தடம் வேண்டும். ஓட்டுகிறவர்களை எண்ணுவதாக இருந்தால், ஏதாவது ஒரு புதன்கிழமையன்று, பணி மாறும் காலை ஏழு, மாலை மூன்று, இரவு பதினொரு மணி வேளைகளில், தொழிற்பேட்டையின் நுழைவுச் சந்திப்புகளில் நின்று, ஆண் பெண் வேறுபாட்டோடும் விளக்கு இருந்ததா என்ற குறிப்போடும் எண்ண வேண்டும். அப்படி எண்ணுகிறவர்களுக்கு உதவ எங்கள் வரிசையிலிருந்து நானும் வேறு சிலரும் வரத் தயாராக இருக்கிறோம்.